ஹெடரில் இருந்த என் நம்பர்

ஜூலை 3, வியாழன்

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தாயிற்று. கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். எடுத்ததில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அது என்னைப் படுத்திய பாட்டுக்கு முன்பே போயிருக்க வேண்டும். படுத்துக் கிடப்பதுதான் பெரிய தண்டனையாக இருக்கிறது. ஹம்பி, மூணாறு, ராமேஸ்வரம் என்று பெண்களைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு சுற்றியவளை, கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் மட்டும் நடக்க விட்டிருக்கிறார்கள்.

இந்த டைரி என் வீட்டுக்காரர் கடைக்கு மோட்டார் கம்பெனிக்காரர்கள் கொடுத்தது. பீரோ மேல் சும்மா கிடந்தது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு நீர்மூழ்கி மோட்டார் படம், அடியில் கம்பெனி விலாசம். தண்ணீர் வருகிறதோ இல்லையோ, பேச்சுத் துணைக்கு ஆகும் என்று எடுத்து வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் துளசியக்கா ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். நானும் அக்காவும் சேர்ந்துதான் ‘வெளிக்காற்று மகளிர் சுற்றுலா’ நடத்துகிறோம், ஒன்பது வருடமாக. எங்கள் வீட்டு முன்னறைதான் ஆபீஸ். வெப்சைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் துபாய்க்கு வேலைக்குப் போய்விட்டார். புது லோகோ வந்திருக்கிறது, அதை எல்லாப் பக்கத்திலும் போட ஆள் இல்லை என்றார் அக்கா. “படுத்துட்டேதான இருக்கறே அம்மிணி, நீயே பழகிக்க” என்றார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

இவர் என்றைக்கும் இல்லாத அக்கறையாகக் கடைவீதிக்குப் போய், கட்டிலில் வைத்துக்கொள்கிற மாதிரி ஒரு குட்டி மேஜை வாங்கி வந்தார். லேப்டாப் வைக்கவாம். கல்யாணம் ஆன இத்தனை வருடத்தில் நான் கேட்காமல் வாங்கி வந்த முதல் பொருள்.

ஜூலை 5, சனி

லோகோவை மாற்றுவதற்குள் தலை சுற்றிவிட்டது. வெப்சைட்டை எழுதத் தெரியாதவர்களும் பிடித்து இழுத்து வைத்து மாற்றிக்கொள்ள ‘பேஜ் பில்டர்’ என்று ஒன்று இருக்கிறது. படத்தைச் சொடுக்கினால் படம், எழுத்தைச் சொடுக்கினால் எழுத்து, எல்லாம் கைக்கு அடங்குகிறது. ஆனால் முதல் பக்கத்தைத் திறந்து லோகோவை எத்தனை முறை சொடுக்கினாலும் அசையவே இல்லை. என்னைப் பார்த்துச் சிரிக்கிறதோ என்று கோபம் வந்தது.

யூடியூபில் ஒருவர் விளக்கிய பிறகுதான் புரிந்தது. மேலே இருக்கும் பட்டைக்கு ஹெடர், கீழே இருப்பதற்கு ஃபுட்டர் என்று பெயர். இரண்டும் அந்தப் பக்கத்தோடு சேர்ந்தவை அல்ல. தனியாக ஓரிடத்தில் இருக்கின்றன. ‘முழுத் தளத்துக்கும்’ என்று ஒரு கட்டளை போட்டு வைத்தால் எல்லாப் பக்கத்தின் தலையிலும் அடியிலும் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும், இந்த டைரியின் மோட்டார் படம் மாதிரி. ஒரே ஓர் இடத்தில் மாற்றி ‘அப்டேட்’ அழுத்தினால் போதும், எல்லாப் பக்கத்திலும் மாறிவிடும்.

அழுத்தினேன். மூணாறு பக்கத்தைத் திறந்தேன், புது லோகோ. ஹம்பி, புது லோகோ. இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். “பரவால்லியே” என்றார்.

ஜூலை 7, திங்கள்

காசிப் பக்கம் மட்டும் அடம்பிடிக்கிறது. தீபாவளி கழிந்து போகப்போகும் பயணம், என் கைப்பட எழுதிய திட்டம். விளம்பரத்துக்காக அந்தப் பக்கத்தை முன்பிருந்தவர் மொட்டையாக, ஹெடரே இல்லாமல் வடிவமைத்திருக்கிறார். அதில் ஹெடரை எப்படி வரவைப்பது என்று எனக்குப் பிடிபடவில்லை. கடைசியில் ஹெடரை அப்படியே நகலெடுத்து, கிழிந்த பாவாடைக்கு ஒட்டுப் போடுவது போல அந்தப் பக்கத்தின் தலையில் ஒட்டிவிட்டேன். லோகோ, என் போன் நம்பர், மெனு எல்லாம் வந்துவிட்டது. பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

ஜூலை 10, வியாழன்

தையல் இழுக்கிறது. ரசம் சாதம்.

ஜூலை 12, சனி

அக்கா போன் செய்தார். ஹெடரில் இருக்கும் நம்பரைக் கொஞ்ச நாளைக்கு மாற்றி, அவருடைய நம்பரைப் போடச் சொன்னார். படுத்திருப்பவளை நேரம் காலம் இல்லாமல் ஆட்கள் கூப்பிட்டால் உடம்பு எப்படித் தேறும் என்றார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. கோபி, சத்தி, அந்தியூர் வட்டாரத்தில் பாதிப் பெண்கள் அந்த நம்பரைப் பார்த்துத்தான் என்னைக் கூப்பிடுவார்கள். நலம் விசாரிப்பதில் ஆரம்பித்து, மாமியார் சண்டை வரைக்கும் கேட்டு முடித்துத்தான் ஸீட் பதிவு செய்வேன். ஆனால் மூன்று மாதம்தானே என்றார் அக்கா. பக்கத்தில் இருந்த இவரும், “நல்ல ரோசனைதான்” என்று தலையாட்டினார். எங்கள் சுற்றுலா விஷயத்தில் இவர் எதற்கும் தலையாட்டி நான் பார்த்ததில்லை. என் உடம்பு மேல் உள்ள அக்கறை என்று நினைத்துக்கொண்டேன்.

ஹெடரைத் திறந்து என் நம்பரை அழித்து அக்காவின் நம்பரை அடித்து அப்டேட் கொடுத்தேன். அடுத்த நிமிடமே எல்லாப் பக்கத்திலும் மாறிவிட்டது. கை பழகிவிட்டது எனக்கு.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. போன் கல்லு மாதிரி கிடக்கிறது. ஆடியில் யார் கையில் காசு ஓட்டம் இருக்கிறது, அதனால்தான் ஒருவரும் கூப்பிடவில்லை.

போன ஆடியில் அம்மன் கோயில்களுக்கு இரண்டு பஸ் போயிற்று. அது போன ஆடி.

படுத்தபடி பழைய கதைகளை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மனைவிக்கு ஸீட் போடவோ, போட்ட ஸீட்டை வேண்டாம் என்று சொல்லவோ எந்தப் புருஷன் கூப்பிட்டாலும், “அவங்களையே பேசச் சொல்லுங்க” என்று சொல்லி வைத்துவிடுவோம். ஒருமுறை அத்தாணியில் இருந்து ஒரு தாசில்தார் கூப்பிட்டு, என் பெண்டாட்டி வரமாட்டாள் என்று அதட்டினார். அன்றைக்கு போனைப் பிடுங்கி அவரை வாங்கு வாங்கென்று வாங்கியது துளசியக்காதான். அந்த அம்மாள் வந்தார். ஹம்பியில் மூன்று நாளும் எல்லோருக்கும் முன்னால் நடந்தார்.

ஜூலை 20, ஞாயிறு

இவருடைய பெரியப்பா வீட்டார் உடம்பு விசாரிக்க வந்தார்கள். இனிமேலாவது வீட்டோடு இருப்பாளா என்று பெரியம்மா கேட்டார். “இனி எங்கீங்க போறா, ஊடே கதின்னு ஆயிட்டா” என்றார் இவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், தையல் இழுக்க இழுக்க.

அவர்கள் போன பிறகு, டாக்டரே காயம் உள்ளே ஆற வருடக்கணக்காகும், தூரப் பயணமெல்லாம் இனி ஆகாது என்று சொன்னதாக இவர் சொன்னார். எனக்கு நேரில் சொல்லாத டாக்டர் இவரிடம் மட்டும் ஏன் சொன்னார் என்று கேட்டேன். பயந்துவிடுவாய் என்றுதான் என்றார்.

ஜூலை 24, வியாழன்

ஃபுட்டரில் விலாசம் மாற்றினேன். ஆட்கள் வந்து போகிற இடத்தில் நோயாளி ஓய்வெடுக்க முடியாது என்று, அக்கா தன் தம்பியின் காம்ப்ளெக்ஸில் ஒரு அறையைப் பிடித்துவிட்டார். மேஜை, பீரோ, பயணப் பைகள், நீலத் தொப்பி மூட்டை எல்லாம் டெம்போவில் ஏறின. நான் கட்டிலில் இருந்தே கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பீரோவின் ஒரு முனையை இவர் பிடித்தார். ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட நகர்த்தி வைக்காத மனிதர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பீரோ தூக்கினார்.

முன்னறை வெறிச்சென்று இருக்கிறது. ‘துணி காயப்போட வசதியாப் போச்சு’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஜூலை 26, சனி

இன்று மெனு. ‘எங்களைப் பற்றி’ என்பதை ஹெடரில் இருந்து எடுக்கச் சொன்னார் அக்கா. செல்போனில் பார்க்கும்போது மெனு இரண்டு வரியாக உடைகிறது, யாரும் அதைப் படிப்பதும் இல்லை என்றார். செல்போனில் திறந்து பார்த்தேன். உடையத்தான் செய்கிறது. எடுத்துவிட்டேன். இப்போது அழகாக ஒரே வரியில் நிற்கிறது.

அந்தப் பக்கம் போகவில்லை, உள்ளேதான் இருக்கிறது. அதற்குப் போகிற வழியைத்தான் எடுத்திருக்கிறேன். ஹம்பியில் நானும் அக்காவும் நீலத் தொப்பியோடு, வாயைத் திறந்து சிரிக்கிற படம் அதில் உண்டு. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல படம்.

இவர் வந்ததும், “இன்னிக்கு என்ன மாத்துனே?” என்று கேட்டார். தினமும் கேட்கிறார். என் வேலையில் இவருக்கு இத்தனை ஆர்வம் வருவதற்கு எனக்கு வயிற்றைக் கிழிக்க வேண்டியிருந்திருக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. பவானி கூடுதுறையில் பெண்கள் வரிசையாக நின்று காப்பரிசி தின்கிற படத்தைத் துளசியக்கா வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டிருந்தார். பின்னால் எங்கள் கம்பெனிப் பெயர் எழுதிய பேனர், இரண்டு பஸ். இப்படி ஒரு பயணம் போவதே எனக்குத் தெரியாது.

இவரிடம் காட்டினேன். இவர் ஆச்சரியப்படவில்லை. “சொன்னா நீ கெளம்பறேன்னு நிப்பியே” என்றார். அப்படியானால் இவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. கடைக்குப் போகிற வழியில் அக்கா சொல்லியிருப்பார் போல.

ஆடியில் யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று எழுதியிருந்தேன். இரண்டு பஸ் நிறையக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

டாக்டரிடம் போனோம். இவர் வண்டியை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்ததால் நான் மட்டும் உள்ளே போனேன். காயம் அழகாக ஆறியிருக்கிறது, செப்டம்பர் கடைசிக்கு மேல் எங்கே வேண்டுமானாலும் போகலாம், பாரம் தூக்காமல் இருந்தால் போதும் என்றார் அந்த அம்மாள். வருடக்கணக்காகும் என்று நீங்கள் என் வீட்டுக்காரரிடம் சொன்னீர்களாமே என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அப்படி எதுவும் சொன்னதாக ஞாபகம் இல்லை என்றார்.

வரும் வழியெல்லாம் இவரிடம் கேட்க வாயெடுத்துக் கேட்கவில்லை. பயத்தில் இரண்டு வார்த்தை கூட்டிச் சொல்லியிருப்பார். நல்ல மனிதர்தான்.

காசிக்கு நான் போகலாம். அதுதான் முக்கியம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

போன் அடித்தது. எத்தனையோ நாள் கழித்து. சமையலறையில் இருந்து கையைத் துடைக்காமல் ஓடி வந்தேன்.

சத்தியில் இருந்து ஜெகதாம்பாள் டீச்சர். ரிட்டயர் ஆனவர், எங்களோடு இரண்டு முறை வந்திருக்கிறார். குரலைக் கேட்டதும், “அட பூங்கொடியேதானா” என்றார். காசிக்கு ஸீட் கேட்டு முதலில் ஒரு நம்பருக்குப் பேசினாராம். யார் கூட்டிப் போகிறார்கள் என்று கேட்டதற்கு ஆபீஸ் பெண், “துளசிமணி மேடம்” என்றதாம். அப்படியானால் பூங்கொடி எங்கே என்று டீச்சர் கேட்டிருக்கிறார்.

“நீங்க கம்பெனியில இருந்து வெலகிட்டீங்கன்னு சொல்லுச்சுங்க. ஒடம்புக்கு முடியாம ஊட்டோட இருக்கறீங்கன்னு. எனக்கு மனசு கேக்குல. நீங்க இல்லாம நான் யாரை நம்பிக் காசிக்குப் போறது?”

அப்புறம் மறுபடி வெப்சைட்டைப் பார்த்தபோது, காசிப் பக்கத்தின் தலையில் மட்டும் என் நம்பர் இருந்ததாம்.

லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். நான் ஒட்டுப் போட்ட ஹெடர். அது தனி நகல் என்பதால் நான் மாற்றிய எதுவும் அதற்குப் போய்ச் சேரவில்லை. அதில் என் நம்பர் இருக்கிறது, மெனுவில் ‘எங்களைப் பற்றி’ இருக்கிறது. மற்ற பக்கங்களையும் அதையும் மாற்றி மாற்றித் திறந்து பார்த்தேன். இத்தனை நாளில் நான் என்னவெல்லாம் எடுத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் மொத்தமாகக் கண்ணில் பட்டது.

அக்காவுக்குப் போன் செய்தேன். ஆபீஸ் பெண் புதுசு, எதையோ உளறியிருக்கிறாள், கண்டித்து வைக்கிறேன் என்றார். கேட்க நிம்மதியாக இருந்தது. வைப்பதற்கு முன், எந்தப் பக்கத்தில் உன் நம்பர் இருந்தது என்று கேட்டார். சொன்னேன். அதையும் மாற்றிவிடு என்றார். சரி என்றேன்.

மாற்றவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

வாட்ஸ்அப்பில் அக்காவின் செய்தி. ஃபுட்டரின் கடைசி வரியில் நிறுவனர்கள் பெயரில் உன்னுடையதை மட்டும் எடுத்துவிடு, ஆடிட்டர் சொல்கிறார், பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று. கடைசியில் கும்பிடுகிற கை படம்.

அந்த வரி இப்படி இருக்கிறது: ‘நிறுவனர்கள்: துளசிமணி ராஜமாணிக்கம், பூங்கொடி நல்லசிவம்.’

எங்களுக்குள் பத்திரம் கித்திரம் எதுவும் கிடையாது. பதிவெல்லாம் அக்கா பெயரில். அக்காவும் தங்கச்சியும் பத்திரம் எழுதிக்கொண்டா பேசுவார்கள் என்று விட்டுவிட்டோம். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தொடங்கியது இது என்று சொல்வதற்கு உலகத்தில் இருக்கிற ஒரே இடம் அந்த ஃபுட்டர்தான். அதையும் என்னை விட்டே எடுக்கச் சொல்கிறார்.

இனிமேல் எனக்குப் புரியவில்லை என்று இந்த டைரியில் எழுத முடியாது. 

ஆகஸ்ட் 16, சனி

இவர் கடைக்குப் போன பிறகு ஆட்டோ பிடித்துப் புது ஆபீஸுக்குப் போனேன். ஆபரேஷனுக்குப் பிறகு தனியாக வெளியே போவது இதுதான் முதல்முறை.

வாசலில் போர்டு. கம்பெனிப் பெயருக்குக் கீழே துளசிமணியின் பெயர் மட்டும். போர்டைப் பார்த்தால் புதிது இல்லை, வெயில் பட்டு ஓரம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. என்னிடம் லோகோவை மாற்றச் சொல்லும்போதே இதற்கு ஆர்டர் கொடுத்திருப்பாள்.

என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்தாள். இப்படி அலையலாமா என்றாள். ஆபீஸ் பெண்ணை டீ வாங்கி வர அனுப்பினாள். நான் உட்காரவில்லை. என்னை எப்போது கம்பெனியில் இருந்து எடுத்தாய் என்று கேட்டேன். அவள் முகத்தில் இருந்தது குற்ற உணர்ச்சி அல்ல, ஆச்சரியம். அதைத்தான் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

“ஏனம்மிணி, அண்ணன் உங்கிட்ட இன்னுமா சொல்லுல?”

“என்ன சொல்லோணும்?” இவரைத்தான் அவள் அண்ணன் என்பாள்.

“உன்னய ஆபரேசனுக்கு உள்ள கொண்டுபோனாங்கல்ல, அப்பவே அண்ணன் சொல்லீட்டாரே. இனி பூங்கொடி எங்கயும் வரமாட்டா, நீங்களே பாத்துக்கங்கன்னு. ஒரேயடியாச் சொன்னா தாங்கமாட்டா, ஒண்ணொண்ணா எடுத்துக்கலாமுன்னாரு. வெப்சைட்டு வேலைய உனக்கே குடுக்கச் சொன்னதும் அவருதான். கையில வேல இருந்தா நெனப்பு வராதுன்னு.”

நான் மயக்கத்தில் கிடந்தபோது, ஒரு கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, இவர்கள் இரண்டு பேரும் என்னைப் பங்கு போட்டு முடித்திருக்கிறார்கள். ஒருவருக்குக் கம்பெனி, ஒருவருக்கு நான். அப்புறம் ஆரஞ்சுப் பழம், குட்டி மேஜை.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்க உனக்கு வாய் வரவில்லையா என்றேன்.

“ஊட்டுக்காரர் சொல்றாரு. அதுக்கு மேல நான் எப்பிடி உங்கிட்டக் கேக்கறது?”

தாசில்தாரின் போனைப் பிடுங்கிப் பேசிய அதே வாய். ஒன்பது வருடம் ஊரில் இருக்கும் புருஷன்மார்களிடமெல்லாம் “அவங்களையே பேசச் சொல்லுங்க” என்று சொன்ன வாய், என் புருஷன் சொன்னதும் மூடிக்கொண்டது. ஏனென்றால் அவளுக்கும் அது தோதாக இருந்தது. அதை நான் சொன்னேன். அவள் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் அவள் முன்னால் அழக் கூடாது என்று இறங்கி வந்துவிட்டேன். டீயோடு வந்த பெண், “நீங்க பூங்கொடி மேடமுங்களா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கடை விடுமுறை. இவர் வீட்டில்தான் இருந்தார். காப்பி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். துளசிமணி எல்லாம் சொல்லிவிட்டாள் என்றேன். செய்தித்தாளை மடித்தார். மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூடக் கொஞ்சம் தேவலை என்று இருந்திருக்கும்.

நிறையப் பேசினார். இத்தனை வருடத்தில் இவர் இவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை. உன் பெண்டாட்டி இந்த மாதம் எந்த ஊரில் என்று கடைக்கு வருகிறவனெல்லாம் கேட்பானாம். வீட்டில் விளக்கு வைக்க ஆள் இருக்காதாம். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாராம். ராமேஸ்வரத்தில் நான் ரத்தப்போக்கில் மயங்கி விழுந்த செய்தி வந்தபோதுதான் முடிவு பண்ணினாராம்.

“அந்த போனு வந்து, நான் கார எடுத்துட்டு ராமேஸ்வரம் வந்து சேர்ற வரைக்கும் என்ற உசுரு எங்கிட்ட இல்ல பூங்கொடி. அது உனக்குத் தெரியாது.”

அது உண்மை. அன்று ஆஸ்பத்திரி வாசலில் செருப்பில்லாமல் நின்றிருந்தார். அதனால்தான் எனக்கு இன்னும் வலிக்கிறது. ஒரு கெட்டவன் செய்திருந்தால் வைதுவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன்.

சரி, பயந்தீர்கள், அதை என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றேன். சொன்னால் நான் கேட்டிருப்பேனா என்று திருப்பிக் கேட்டார். டாக்டர் பெயரில் பொய் சொன்னதைக் கேட்டேன், செய்தித்தாளை இன்னொரு மடிப்பு மடித்தார். என் பெயரை என் கையாலேயே எடுக்க வைத்ததைக் கேட்டேன். “உனக்காவத்தான் எல்லாம்” என்றார். தினமும் சாயங்காலம் வந்து, இன்றைக்கு என்ன மாற்றினாய் என்று கேட்டதும் எனக்காகத்தானாம். வேலை எவ்வளவு தூரம் முடிந்திருக்கிறது என்று பார்த்திருக்கிறார். நானும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிக் காட்டியிருக்கிறேன்.

மத்தியானம் படுத்துக்கொண்டே அழுதேன். இவர் கதவு வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போனார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

காலையில் குளித்துவிட்டு லேப்டாப்போடு முன்னறையில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். அந்தக் குட்டி மேஜை எனக்கு வேண்டாம்.

வெப்சைட்டுக்குள் போகிற பாஸ்வேர்டு என்னிடம்தான் இருக்கிறது. வேலையை என்னிடமே கொடுத்ததில் அவர்கள் இரண்டு பேருமே அதை யோசிக்கவில்லை. ஹெடரைத் திறந்து துளசிமணியின் நம்பருக்குப் பக்கத்தில் என் நம்பரைப் போட்டேன். அவளுடையதை அழிக்கவில்லை. கம்பெனி அவளுடையதும்தான், நான் அவளைப் போலச் செய்யப்போவதில்லை. மெனுவில் ‘எங்களைப் பற்றி’யைத் திரும்பச் சேர்த்தேன். செல்போனில் இரண்டு வரியாக உடைந்தால் உடையட்டும். எடுத்து முடிக்க இரண்டு வாரம் ஆனது, திரும்ப வைக்க ஒரு காப்பி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை.

அப்புறம் ஃபுட்டர். கடைசி வரியில் என் பெயரின் மேல் கர்சரை வைத்தேன். அழித்துவிட்டால் இரண்டு பேரோடும் சண்டை இல்லை. இவர் சாயங்காலம் வரும்போது பூ வாங்கி வருவார், துளசிமணி பழம் வாங்கி வருவாள், காசிக்குப் பஸ் நான் இல்லாமல் கிளம்பும்.

பூங்கொடியை விட்டுவிட்டு, நல்லசிவம் என்பதை மட்டும் அழித்தேன். அப்டேட் கொடுத்தேன். முதல் பக்கம் பார்த்தேன், மூணாறு பார்த்தேன், ஹம்பி பார்த்தேன். எல்லாப் பக்கத்தின் அடியிலும் போய்விட்டது.

ஜெகதாம்பாள் டீச்சருக்குப் போன் செய்து, காசிக்கு நான்தான் கூட்டிப் போகிறேன் என்று சொன்னேன். துளசிமணிக்கும் அதையே ஒரு வரியில் அனுப்பினேன். படித்ததற்கு அடையாளம் வந்தது, பதில் வரவில்லை.

பதில் மத்தியானம் இவர் வழியாக வந்தது. சாப்பிட உட்கார்ந்தவர் போனை எடுத்து, ஃபுட்டரைப் பெரிதாக்கி என் பக்கம் நீட்டினார். அவள்தான் அனுப்பியிருக்கிறாள்.

“என்ற பேர எதுக்கு எடுத்தே?”

நான் சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னேன்.

“ஒரேயடியா எடுத்தா தாங்கமாட்டீங்க. அதான் ஒண்ணொண்ணா எடுக்கறனுங்க.”

இவர் எழுந்து போய்க் கை கழுவினார். நான் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தேன்.